பெயருக்குக் கீழே ஒரு வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது உங்களிடம் சொல்லப் போகிற கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். முதலாளியிடம் சொன்னதும் நான்தான், ஆட்களிடம் சொன்னதும் நான்தான், வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லச் சொல்ல ஒரு கதை உறுதிப்பட வேண்டும். இது அப்படி ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு ஆணி கழன்று விழுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.

மடியில் லேப்டாப் பை வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் வேலைதானே? நல்லது. உக்கடத்திலிருந்து உடுமலை போய்ச் சேர இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். திருத்துவதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை, அதுதான் விஷயமே.

என் பெயர் சென்னியப்பன். உடுமலைப் பக்கம் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் சூப்பர்வைசர். இருபத்தாறு வருடம். முட்டை உள்ளே போகும், இருபத்தோராம் நாள் குஞ்சாக வெளியே வரும். முதல் பதினெட்டு நாள் முட்டை இருக்கிற மெஷினுக்கு செட்டர் என்று பெயர். ஒரு அறை அளவு இருக்கும். ஒன்றில் பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டை. அப்போது எங்களிடம் எட்டு செட்டர். உள்ளே தொண்ணூற்றொன்பதரை டிகிரி இருக்க வேண்டும். ஒரு டிகிரி கூடினால் கவலை, நாலு கூடினால் ஆம்லெட். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

முன்பெல்லாம் மணிக்கொரு தரம் ஆபரேட்டர் ஒரு நோட்டோடு எட்டு மெஷினையும் சுற்றி வருவார். பிறகு முதலாளி கம்ப்யூட்டர் வைத்தார். ஒவ்வொரு செட்டரிலிருந்தும் வயர் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேரும். சூடு ஏறினால் சைரன் அடிக்கும், என் போனுக்கும் முதலாளி போனுக்கும் மெசேஜ் வரும். அது வந்த பிறகு மணிக்கொரு தரம் சுற்றுவதை நாலு மணிக்கொரு தரம் ஆக்கினேன். வேலை மிச்சம். நியாயம்தானே?

அதை வைத்துக் கொடுத்தவர் கோயம்புத்தூர் இதயதுல்லா. கெட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே சொன்னார்.

"அண்ணா, இது பாக்க வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரிதான் இருக்கும். ஆனா செய்யறது சர்வர் வேலை. புரோகிராம் பின்னாடி ஓடிட்டே இருக்கும். ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது."

"தெரியாம ஓடறதை எப்படிங்க நம்பறது?"

"சைரன் அடிக்கலீன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்ணா."

"செத்துப்போனவனும்தான் சத்தம் போட மாட்டான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது நல்ல பேச்சாகப் பட்டது.

இரண்டு விதமாக வைக்கலாம் என்றார். ஒன்று, சர்வீஸாகப் போடுவது. மெஷின் எழுந்ததும் அதுவும் தானாக எழுந்துவிடும். யார் லாகின் செய்தாலும், யார் வெளியே போனாலும், யாருமே இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, ஒருவர் பெயரில் ஓட விடுவது. அந்தப் பெயர் உள்ளே இருக்கிறவரை ஓடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி தெரியும். அந்தப் பெயர் லாக் ஆஃப் ஆனால் புரோகிராமும் கூடவே போய்விடும்.

"சர்வீஸாப் போட்டுக்கலாம்ணா. நிம்மதியாத் தூங்குவீங்க."

"எனக்குப் பச்சை தெரியோணும். என்ர பேர்லயே போட்டுருங்க."

போட்டார். தப்பா? சொல்லுங்கள். பொறுப்பு என்னுடையது, அப்படியென்றால் என் பெயரில்தானே ஓட வேண்டும்? என் பெயரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் லாக் ஆஃப் செய்யக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது ஸ்க்ரீனைப் பூட்டிவிட்டு வருவேன், அவ்வளவுதான். பூட்டினாலும் பின்னால் ஓடும். ஆட்களுக்கு 'ஆபரேட்டர்' என்று பொதுவாக ஒரு பெயர். அவர்கள் அதில் உள்ளே போய்ச் சுற்றுக் கணக்கை அடித்துவிட்டு வெளியேற வேண்டும். மானிட்டர் மேல் காகிதம் ஒட்டினேன்: 'வேலை முடிந்ததும் லாக் ஆஃப் செய்யவும். திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது.' என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இப்போது மருதாசலம். சீனியர் ஆபரேட்டர். எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவன். செட்டர் கதவில் உள்ளங்கையை வைத்து அரை டிகிரி வித்தியாசம் சொல்வான். நான் மீட்டரைப் பார்ப்பேன், சரியாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது. கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே கேட்டான், "ஏனுங்க சார், இது கை வெச்சுப் பாக்குமுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவனுக்கு ஒரே மகள், சுகந்தி. பிளஸ் டூ எழுதியிருந்தாள். அந்த மே மாதம் ரிசல்ட். காலை பத்து மணிக்கு இணையத்தில் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளட்டுமா என்று முந்தின நாளே என்னிடம் கேட்டான். நான்தான் சரி என்றேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இரக்கம் இல்லாதவன் இல்லை.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை. பொள்ளாச்சியில் மச்சினன் மகள் கல்யாணம். ஆனாலும் வேலையை விடவில்லை. வாரப் பொரிப்பு ரிப்போர்ட்டைப் பத்தரைக்குள் முதலாளிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாமல் வந்துவிட்டேன். தாலி கட்டி முடிந்த கையோடு மண்டபத்துக்கு வெளியே வந்து இதயதுல்லாவுக்குப் போன் போட்டேன். அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வருவார், என் பெயரில், என் பாஸ்வேர்டில். வெளியாளுக்குப் பாஸ்வேர்ட் கொடுக்கக் கூடாது என்பது முதலாளி சட்டம். அவசரத்துக்குக் கொடுத்து வைத்திருந்தேன். ரிப்போர்ட்டை எடுத்து என் மெயிலில் அனுப்பச் சொன்னேன். "முடிச்சதும் ஒழுங்கா வெளிய வந்துருங்க, என்ர பேரைத் திறந்து போட்டுட்டுப் போயிராதீங்க" என்றும் சொன்னேன். நாயனச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற சம்பந்தி வீட்டார், "இவர் இல்லைன்னா அங்க முட்டையே பொரிக்காதாட்ட இருக்குது" என்றார்கள். உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பந்திக்குப் போனேன்.

கிணத்துக்கடவு தாண்டிவிட்டோமா? சரி.

பத்து மணிச் சுற்றை முடித்துவிட்டு மருதாசலம் ஆபீசுக்குள் வந்திருக்கிறான். மகளின் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தானாம். மார்க் ஆயிரத்து நூற்று இருபத்து மூன்று. ஓடிப்போய்ப் பேக்கரியில் ஜாங்கிரி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறான். முட்டை லாரி டிரைவருக்கு இரண்டு. எனக்கும் ஒன்று தனியாகக் காகிதத்தில் மடித்து மேஜை மேல் வைத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஐந்தாம் நம்பர் செட்டரில் விசிறி பெல்ட் அறுந்திருக்கிறது. பதினோரு மணி இருக்கலாம். மே மாத வெயில், தகரக் கூரை. உள்ளே பதினாலு நாள் முட்டை. பதினாலு நாளில் முட்டைக்கே சொந்தச் சூடு உண்டு. காற்று ஓடாவிட்டால் அது தன்னையே வேகவைத்துக்கொள்ளும். சைரன் அடிக்கவில்லை. மெசேஜ் வரவில்லை. என் போன் சட்டைப்பையில்தான் இருந்தது, நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை, அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது.

இரண்டு மணிச் சுற்றில் மருதாசலம்தான் பார்த்தான். மீட்டரைப் பார்க்கும் முன்பே, கதவில் கை வைத்ததும் கத்தினானாம். நூற்று நாலரை.

நான் வந்து சேர மூன்றே கால். ஆபீசில் ஸ்க்ரீன் இருட்டாக இருந்தது. மவுசை அசைத்தேன். என் பெயரில் உள்ளே போனேன். எல்லாம் புதிதாகத் திறந்தது. பச்சைப் புள்ளி இல்லை. யாரோ என் பெயரை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

முதலாளி குழந்தைவேல் வந்தார். அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் நிற்பதுதான் பயம். ஐந்து மணிக்கு இதயதுல்லா காரில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் தனக்குள் ஒரு குறிப்பு எழுதி வைக்குமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்.

"பத்து பன்னண்டுக்கு அண்ணன் பேர் லாக் ஆஃப் ஆயிருக்குங்க."

"யார் பண்ணுனது?" முதலாளி.

"ஆள் முகம் இதுல தெரியாதுங்க. அந்த நேரத்துக்கு ஆபீசுல யாரு இருந்தாங்கன்னு பாருங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ரிசல்ட் பார்க்கப் போன மருதாசலம்தான் என் பெயரைத் தள்ளினான் என்பது நான் சொல்லிவந்த அந்தக் கதை. மருதாசலம் என்ற பெயரை இதயதுல்லா சொல்லவே இல்லை. எல்லோரும் திரும்பி மருதாசலத்தைப் பார்த்தோம். நான் முதலில் பார்த்தேனா, முதலாளி முதலில் பார்த்தாரா என்று எவ்வளவோ யோசித்திருக்கிறேன். நான்தான் என்று நினைக்கிறேன்.

"ரிசல்ட் பாக்கற அவசரத்துல என்ர பேரை வெளிய தள்ளீட்டயா?" என்றேன்.

"இல்லீங்க சார். நா ஆபரேட்டர் பேர்லதானுங்க போனேன். முடிச்சுட்டு அதை லாக் ஆஃபும் பண்ணீட்டேன். காகிதத்துல இருக்கற மாதிரியே பண்ணுனேனுங்க."

"அப்ப என் பேரு தானா எந்திரிச்சுப் போச்சா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நா போய் உக்காரும்போதே உங்க பேருக்குக் கீழ அந்த எழுத்து இல்லீங்க."

"என்ன எழுத்து?"

"பேரெல்லாம் வரிசையா வருமுல்லீங்க. உங்க பேருக்குக் கீழ எப்பவும் சின்னதா ஒரு வரி இருக்கும். இன்னைக்கு அது இல்லீங்க."

நான் சிரித்தேன். ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். "ஓ, தொரைக்கு இங்கிலீஷ் எல்லாம் படிக்கத் தெரியுமாக்கும்?" என்றேன்.

"படிக்கத் தெரியாதுங்க சார். இருக்குதா இல்லையான்னு தெரியுமுங்க."

முதலாளி வெளியே போய்விட்டார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, "சென்னியப்பா, அவனை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிரு" என்றார். நான் சொன்னேன். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பதினெட்டு வருடம் வேலை பார்த்த ஆள். முட்டையைக் கொன்றவன் என்று பெயர் ஆகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பொரிப்பகத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்தில் என்னிடம் போன் செய்து விசாரித்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். நடந்தது என்று நினைத்ததை. கடைசியில் நூல் மில்லில் வாட்ச்மேன் ஆனான் என்று கேள்வி.

அன்றைக்குச் சாயங்காலமே, யாரும் கேட்காமலே, இதயதுல்லா அந்தப் புரோகிராமை சர்வீஸாக மாற்றினார். "இனிமே யார் வந்தாலும் போனாலும் ஓடும்ணா" என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அவர் கிளம்பிய பிறகு மேஜை மேல் இருந்த ஜாங்கிரியைப் பார்த்தேன். எறும்பு மொய்த்திருந்தது.

நீங்கள் ஏதோ கேட்க வருகிறீர்கள். அந்தப் போன் விஷயத்தை நான் முதலாளியிடம் சொன்னேனா என்றுதானே? சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரிப்போர்ட் அனுப்பியதற்கும் முட்டை வெந்ததற்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. பாஸ்வேர்ட் கொடுத்த கதையை அந்த நேரத்தில் யார் போய் எடுப்பார்கள்? நீங்கள் எடுப்பீர்களா?

நான்கு வருடம் போயிற்று. ஓய்வு நேரத்துக்கு என்று வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். எனக்கொரு பெயர், மனைவிக்கொரு பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் உட்கார்ந்தபோது ஸ்க்ரீனில் இரண்டு பெயர்கள். அவள் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி, அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்று இங்கிலீஷில். சமையல் வீடியோ பார்த்துவிட்டு அப்படியே எழுந்து போயிருக்கிறாள்.

"சரசு, உன் பேரை லாக் ஆஃப் பண்ணு" என்றேன்.

"இப்ப என்ன அவசரம்?"

"பண்ணு."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து செய்தாள். பெயர்கள் திரும்ப வந்தன. அவள் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. மறுபடி உள்ளே போகச் சொன்னேன். பூட்டச் சொன்னேன். வரி இருந்தது. மறுபடி வெளியே வரச் சொன்னேன். வரி இல்லை. "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். இருக்குதா இல்லையா என்று மருதாசலத்துக்குத் தெரியும்.

பிறகு ஒன்று முயன்று பார்த்தேன். அவள் பூட்டிவைத்த பெயரை, அவள் பாஸ்வேர்ட் இல்லாமல் நான் லாக் ஆஃப் செய்ய முடியுமா? முடியவில்லை. மெஷினையே அணைத்தால்தான் உண்டு. அன்றைக்கு மெஷின் அணையவில்லை. அணைந்து எழுந்திருந்தால் அந்தக் குறிப்பில் இருந்திருக்கும், இதயதுல்லா காட்டியிருப்பார். என் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் பொள்ளாச்சியில் பந்தியில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் சும்மா இருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டுக்கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. வேறு ஏதாவது காரணம் இருக்கும், கம்ப்யூட்டர் என்றால் ஆயிரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

போன வாரம் மருதாசலம் வீட்டுக்கு வந்தான். மனைவியோடு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து. சுகந்திக்குக் கல்யாணம். நாளைக் காலை, உடுமலையில்தான். இதோ, இந்தப் பையில்தான் பத்திரிகை இருக்கிறது. அவள் படித்துப் பேங்கில் வேலைக்குப் போய்விட்டாளாம். எனக்கு முடி நரைத்ததைவிட அவனுக்கு அதிகம் நரைத்திருந்தது.

"சார், குடும்பத்தோட வந்துரோணுங்க. அன்னைக்கு நீங்க பாக்கச் சொல்லித்தானுங்க ரிசல்ட் பாத்தேன். புள்ளைக்கு அந்த மார்க்கை மொதல்ல சொன்னது நாந்தானுங்க."

திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்து, "இப்ப அஞ்சாம் நம்பர் நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்டான்.

அன்று பழைய மெயிலை எல்லாம் தேடினேன். கிடைத்தது. அந்த மே மாதம், அந்தத் தேதி, பொரிப்பு ரிப்போர்ட். என் பெயரிலிருந்து முதலாளிக்குப் போயிருக்கிறது. நேரம் காலை பத்து ஒன்பது.

மெயில் பத்து ஒன்பது. லாக் ஆஃப் பத்து பன்னிரண்டு.

இன்று காலை கோயம்புத்தூர் போனேன். கணபதி பக்கம் இதயதுல்லாவுக்குப் பெரிய ஆபீஸ், கண்ணாடிக் கதவு. வயிறு போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா! போன் பண்ணியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே. மறுபடி ஏதாவது நின்னு போச்சா?"

"எல்லாம் ஓடுதுங்க."

டீ வந்தது. பத்திரிகையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்தார்.

"யாருண்ணா இது? மருதாசலம்..."

"எங்க ஆபரேட்டர். அஞ்சாம் நம்பர்."

"ஓ, ரிசல்ட் பாத்தவரா? பாவம். பொண்ணுக்குக் கல்யாணமா? சந்தோசம்." பத்திரிகையை மடித்து என் பக்கம் தள்ளினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா, மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா? உற்று உற்றுப் பார்த்தேன். ஆள் முகம் இதில் தெரியாது என்று அன்றைக்கு அவர்தான் சொன்னார்.

காலையில் பஸ்ஸில் போகும்போதே ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தேன். என் பெயரை வெளியே தள்ளியது நீங்கள்தானே, ஒரு குடும்பத்தின் மேல் பழி விழும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று. நல்ல கேள்வி. உடுமலையிலிருந்து கோயம்புத்தூர்வரை அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டீயை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். வந்தது அந்தக் கேள்வி இல்லை.

"இதயதுல்லா, அன்னைக்குக் கல்யாண மண்டபத்துல இருந்து போன் பண்ணுனேனே. ரிப்போர்ட்டை அனுப்பீட்டு, என்ர பேரைத் திறந்து போடாம, நான் சொன்னபடியேதான் வெளிய வந்தீங்களா?"